டெபியன் 12: பில்ட்-எசென்ஷியல் நிறுவ மறுக்கிறது, "ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" என்கிறது

#1 எழுத்துணரி

வணக்கம். பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் படங்களை டெசராக்ட் என்ற எழுத்துணர்தல் நிரல் மூலம் எழுத்தாக மாற்றப் பயன்படும் கணினி இது. கை மாறி வந்தது. இயங்குதளம் லினக்ஸ் வகையான டெபியன் 12 (புக்வோர்ம்), 64 பிட். டெசராக்ட் 5.5.0 சரியாக ஓடுகிறது. சி++ கருவி ஒன்றைக் கம்பைல் செய்ய வேண்டியிருக்கிறது, கம்பைலரெல்லாம் பில்ட்-எசென்ஷியல் பொதி வழியாகத்தான் வரும். அதற்காக

சுடோ ஆப்ட் அப்டேட்
சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்

என்று கொடுத்தால் இப்படி வந்து நிற்கிறது:

லிப்சி6-டெவ் : டிபென்ட்ஸ்: லிப்சி6 (= 2.36-9+டெப்12யூ10) பட் 2.41-12 இஸ் டு பி இன்ஸ்டால்டு
ஈ: அனேபிள் டு கரெக்ட் பிராப்ளம்ஸ், யூ ஹேவ் ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்.

'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' கொடுத்துப் பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' கொடுத்தாலும் செய்ய எதுவும் இல்லை என்கிறது. எதைப் பிடித்து அவிழ்ப்பது?

#2 கருந்திரை

கடைசி வரியை விட்டுவிடுங்கள். பொதிகளை நிறுவும் நிரலான ஆப்ட்டுக்குத் தீர்வு கிடைக்காதபோதெல்லாம் அதே வரியைத்தான் அச்சிடும். யாரோ ஹோல்டு போட்டு, அதாவது பதிப்பு மாறாமல் நிறுத்திவைத்து, இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. சேதி முழுக்க அதற்கு மேல் வரியில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நிரலும் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரிதான் ஜிலிப்சி, அதன் பொதி லிப்சி6. 12-ஆம் வெளியீட்டில் அது 2.36. உங்கள் கணினியில் இருப்பது 2.41, அது டெபியன் 13 டிரிக்ஸியுடையது.

இந்த இரண்டின் வெளியீட்டையும் அப்படியே ஒட்டுங்கள்:

ஆப்ட் பாலிசி லிப்சி6
ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்டு | கிரெப் ',லோக்கல்'

கூடவே /எட்சி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பிலும், பக்கத்திலிருக்கும் சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவிலும் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லுங்கள். அதுவரை எதையும் ஃபோர்ஸ் செய்ய வேண்டாம்.

#3 எழுத்துணரி

லிப்சி6:
  இன்ஸ்டால்டு: 2.41-12
  கேண்டிடேட்: 2.41-12
  வெர்ஷன் டேபிள்:
 *** 2.41-12 100
        100 /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்
     2.36-9+டெப்12யூ10 500
        500 டெப்.டெபியன்.ஆர்க் புக்வோர்ம்/மெயின்

சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் புக்வோர்ம், புக்வோர்ம்-செக்யூரிட்டி, புக்வோர்ம்-அப்டேட்ஸ் மட்டும்தான். சோர்சஸ்.லிஸ்ட்.டி காலி. லோக்கல் என்று வருபவை 31 பொதிகள். டெசராக்ட்-ஓசிஆர், லிப்டெசராக்ட்5, லிப்எஸ்டிடிசி++6, லிப்சி6, லிப்சி-பின் எல்லாம் அதில் இருக்கின்றன. சிலவற்றின் பெயர் முடிவில் டி64 என்று வருகிறது: லிப்ஆர்க்கைவ்13டி64, லிப்எஸ்எஸ்எல்3டி64, லிப்பிஎன்ஜி16-16டி64 இப்படி.

#4 கருந்திரை

நடந்தது என்னவென்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. புதிய டெசராக்ட் வேண்டும் என்று யாரோ டிரிக்ஸி வரி ஒன்றைச் சேர்த்து, அதை மட்டும் நிறுவியிருக்கிறார்கள். டிரிக்ஸியில் கம்பைல் ஆன டெசராக்ட் டிரிக்ஸியின் லைப்ரரிகளைக் கேட்கும். அவை டிரிக்ஸியின் லிப்சி6-ஐக் கேட்கும். வேலை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். வரி போனது, பொதிகள் போகவில்லை.

ஆப்ட் பாலிசி அட்டவணையை இப்படிப் படிக்க வேண்டும். மூன்று நட்சத்திரம் போட்ட வரி இப்போது நிறுவியிருக்கும் பதிப்பு. அதன் கீழே எந்தெந்த மூலத்தில் அந்தப் பதிப்பு கிடைக்கிறது என்ற பட்டியல் வரும். உங்களுக்கு வந்திருப்பது /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் மட்டும். அதாவது, 'இது கணினியில் இருக்கிறது, வெளியே எங்கிருந்தும் கிடைக்காது'. ஆப்ட் லிஸ்ட் காட்டும் 'லோக்கல்' என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான்.

500 என்பது 100-ஐவிடப் பெரிதாயிற்றே, ஏன் 2.36-ஐ எடுக்கவில்லை என்று கேட்கலாம். முன்னுரிமை எண் 1000-க்குக் குறைவாக இருக்கும்வரை ஆப்ட் எந்தப் பொதியையும் பழைய பதிப்புக்கு இறக்காது. ஆகவே லிப்சி6-க்கு 2.41-ஐ விட்டால் வேறு கேண்டிடேட் இல்லை. லிப்சி6-டெவ்வோ 2.36 மட்டும்தான் மூலத்தில் இருக்கிறது, அது அச்சு அசலாக 2.36 லிப்சி6-ஐக் கேட்கிறது. இரண்டும் ஒருநாளும் சேராது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். டிரிக்ஸி வரி இருந்தவரை இந்தப் பிழை வந்திருக்காது, லிப்சி6-டெவ் 2.41 அங்கிருந்தே வந்திருக்கும். வரியை நீக்கிய பிறகுதான் கணினி நடுவழியில் நிற்கிறது. பில்ட்-எசென்ஷியல் ஏறாததைவிட இன்னொன்றுதான் எனக்குக் கவலை: அந்த 31 பொதிகளுக்கும் இனி பாதுகாப்புத் திருத்தம் எங்கிருந்தும் வராது. லிப்எஸ்எஸ்எல்3டி64 அந்தப் பட்டியலில் இருக்கிறது. தினமும் ஆப்ட் அப்கிரேட் கொடுத்தாலும் 'எல்லாம் புதியவை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

#5 சி_நிரலர்

லிப்சி6-டெவ் ஏன் சமக்குறி போட்டுக் கேட்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பொதியில் இருப்பவை ஹெடர் கோப்புகளும், லிங்க் செய்யும்போது தேவைப்படும் கோப்புகளும். இரண்டு பொதிகளும் ஒரே மூலத்தில், ஒரே பில்டில் பிறந்தவை. ஹெடர் ஒரு பதிப்பு, ஓடும் லைப்ரரி வேறொரு பதிப்பு என்றானால் கம்பைல் ஆகும், ஓடும்போது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. ஆகவே, ஆப்ட்டுக்கு அடியில் பொதிகளை நேரடியாக ஏற்றும் நிரலான டிபிகேஜியில் 'டிபிகேஜி --ஃபோர்ஸ்-டிபென்ட்ஸ்' போட்டு லிப்சி6-டெவ்வைத் திணிப்பது தீர்வு அல்ல. திணித்தாலும், அடுத்த ஆப்ட் கட்டளை அதையே உடைசலாகக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தும்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். லிப்சி6-ஐ மட்டும் 2.36-க்கு இறக்கினால்? ஜிலிப்சி 2.38-இல் ஸ்டிரிங்கை எண்ணாக்கும் ஸ்டிஆர்டிஓஎல் போன்ற செயல்களுக்குப் புதிய குறியீட்டுப் பெயர்கள் வந்தன. 2.38-க்குப் பிறகு கம்பைல் ஆன நிறைய நிரல்கள் அவற்றைத் தேடும். கிடைக்காவிட்டால் 'வெர்ஷன் ஜிலிப்சி_2.38 நாட் ஃபவுண்ட்' என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும். ஆப்ட் சி++ நிரல், லிப்எஸ்டிடிசி++6 இல்லாமல் அது எழாது. உங்கள் பட்டியலில் லிப்எஸ்டிடிசி++6-உம் டிரிக்ஸியுடையது. லிப்சி6 மட்டும் தனியே இறங்கினால், சரிசெய்ய வேண்டிய ஆப்ட்டே முதலில் விழலாம். டிபிகேஜி சி-யில் எழுதப்பட்டதால் அது ஓட வாய்ப்பு அதிகம். அந்த நிலைக்குப் போனால் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் அடைவில் மிச்சமிருக்கும் டெப் கோப்புகளை 'டிபிகேஜி -ஐ' மூலம் ஏற்றித்தான் மீள வேண்டும். அதனால் இந்த வேலை முடியும்வரை 'ஆப்ட் கிளீன்' கொடுக்காதீர்கள்.

#6 வேர்_பயனர்

31 பொதிகள்தானே, இறக்கிவிடலாம். எந்த வெளியீட்டுக்கு எவ்வளவு முன்னுரிமை என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் 'பின்' கோப்பு ஒன்று போதும். /எட்சி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு கோப்பு, மூன்று வரி:

பேக்கேஜ்: *
பின்: ரிலீஸ் என்=புக்வோர்ம்*
பின்-பிரையாரிட்டி: 1001

பிறகு முதலில் ஒத்திகை:

ஆப்ட் -எஸ் ஃபுல்-அப்கிரேட் --அலவ்-டவுன்கிரேட்ஸ்

-எஸ் போட்டால் எதையும் தொடாது, என்ன செய்வேன் என்று மட்டும் சொல்லும். அந்தப் பட்டியலில் ஏதாவது விபரீதமான நீக்கம் இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். நல்லபடியாக இருந்தால் -எஸ் இல்லாமல் சுடோவுடன் ஓட்டி, முடிந்ததும் பின் கோப்பை அழித்துவிடுங்கள். 1001-ஐ விட்டுவைத்தால் நாளைக்கு வேறு மூலத்திலிருந்து ஏற்றும் புதிய பதிப்பு எதையும் நிலைக்க விடாது, திரும்பத் திரும்ப இறக்கும்.

புது வெளியீட்டுக்கே தாவச் சொல்வது, ஒரு கருவிக்காக மொத்தக் கணினியையும் மாற்றச் சொல்வது போல. அதற்கு அவசியம் இல்லை என்பது என் கருத்து.

#7 கருந்திரை

பின் முறை சரியானதுதான், சாதாரணமாக நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இங்கே டி64 குறுக்கே நிற்கிறது.

2038-ஆம் ஆண்டு நேரக்கணக்குச் சிக்கலுக்காக, 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தைக் குறிக்கும் வகையை 64 பிட்டாக மாற்றினார்கள். அதற்காக நூற்றுக்கணக்கான லைப்ரரிப் பொதிகளின் பெயரில் டி64 ஒட்டிக்கொண்டது. 64 பிட் கணினியில் உள்ளே பெரிய மாற்றம் இல்லை, ஆனால் பெயர் அங்கேயும் மாறிவிட்டது. அதன் விளைவு: லிப்எஸ்எஸ்எல்3டி64 என்ற பெயரில் புக்வோர்மில் பொதியே கிடையாது. 1001 கொடுத்தாலும் இறக்குவதற்குப் பழைய பதிப்பு என்று ஒன்று இருந்தால்தானே? ஆப்ட் அதை நீக்கிவிட்டு லிப்எஸ்எஸ்எல்3-ஐ ஏற்ற வேண்டும். டி64 பொதி பழைய பெயரையும் தானே வழங்குவதாகச் சொல்லிக்கொள்வதால், ஆப்ட் பார்வையில் எஸ்எஸ்எச்சுக்கும் கர்லுக்கும் குறை எதுவும் இல்லை. மாற்ற வேண்டும் என்று அதற்குத் தானாகத் தோன்றாது.

கையால் சொல்லலாம். பெயருக்குப் பின்னால் கழித்தல் குறி போட்டால் அதே பரிவர்த்தனையில் நீக்கும்:

ஆப்ட் -எஸ் இன்ஸ்டால் லிப்எஸ்எஸ்எல்3 லிப்எஸ்எஸ்எல்3டி64- லிப்ஆர்க்கைவ்13 லிப்ஆர்க்கைவ்13டி64- ...

இப்படி ஒவ்வொரு டி64-க்கும் இணை எழுதி, லிப்சி6, லிப்சி-பின், லிப்எஸ்டிடிசி++6 மூன்றுக்கும் பதிப்பு எண்ணோடு சமக்குறி போட்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கொடுக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் சி_நிரலர் சொன்ன நிலை. அதோடு, பதிப்பு இறக்கத்தை டெபியன் ஆதரிப்பதில்லை. பொதிக்குள் இருக்கும், நிறுவும்போது ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டுகள் முன்னோக்கிப் போவதற்காக எழுதப்பட்டவை, பின்னோக்கிச் சோதிக்கப்பட்டவை அல்ல. லிப்சி6-இல் அதை முயல்வதைவிட, மிச்சத்தையும் 13-க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அந்தப் பாதை ஆயிரக்கணக்கான கணினிகளில் சோதிக்கப்பட்டது, வெளியீட்டுக் குறிப்புகளில் எழுதப்பட்டது.

#8 வேர்_பயனர்

டி64 பட்டியலை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பது நியாயம். லிப்எஸ்எஸ்எல் அதில் இருக்கும்போது கையால் இணை எழுதுவது ஆபத்துதான். மேலே போவதே சரி.

எழுத்துணரி, போவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

'டிபிகேஜி --ஆடிட்' ஒன்றும் சொல்லாமல் திரும்ப வேண்டும். ஏதாவது சொன்னால் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்து முதலில் அதை முடியுங்கள்.

/பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் 'டிஎஃப் -எச் /பூட்' பாருங்கள். டிரிக்ஸியில் கெர்னலும் ஃபர்ம்வேரும் பெருத்துவிட்டன. குறைந்தது 768 எம்பி அளவும், 300 எம்பி போல் காலி இடமும் இருக்கட்டும். இடம் போதாவிட்டால், கணினி எழத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை எழுதும்போது 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று பாதியில் நிற்கும். அந்நேரம் ஆப்ட் கிளீன் கொடுத்துப் பலன் இல்லை, அது காலி செய்வது /வாரை. 'யூனேம் -ஆர்' காட்டும் ஓடும் கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் வைத்துக்கொண்டு, மற்ற லினக்ஸ்-இமேஜ் பொதிகளை முன்கூட்டியே பர்ஜ் செய்யுங்கள்.

நகல் எடுக்க வேண்டியவை: /எட்சி முழுவதும், /வார்/லிப்/டிபிகேஜி, /வார்/லிப்/ஆப்ட்/எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ். கடைசிக் கோப்பில்தான் எந்தப் பொதி நீங்கள் கேட்டது, எது சார்பாக வந்தது என்ற விவரம் இருக்கிறது. அது போனால், இனித் தேவைப்படாத சார்புப் பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் குழம்பும். புத்தகப் படங்களை வெளி டிஸ்கில் எடுத்து வைப்பதைச் சொல்லவே வேண்டாம்.

#9 கருந்திரை

சரி, படிகள்.

சோர்சஸ்.லிஸ்டில் புக்வோர்ம் என்று வரும் மூன்று இடங்களையும் டிரிக்ஸி ஆக்குங்கள்: டிரிக்ஸி, டிரிக்ஸி-செக்யூரிட்டி, டிரிக்ஸி-அப்டேட்ஸ். வரிக் கடைசியில் மெயின் மட்டும் இருந்து, வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் தேவைப்பட்டால் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்பதையும் சேருங்கள். இது 12-இல் புதிதாகப் பிரிந்த பகுதி. இது இல்லாமல் ரீபூட் ஆனால் வலைத்தொடர்பே எழாமல் போகலாம்.

எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்கிறீர்கள் என்றால் டிமக்ஸுக்குள் நுழைந்துகொள்ளுங்கள். இணைப்பு அறுந்தாலும் டிபிகேஜி தொடர்ந்து ஓடும்.

சுடோ ஆப்ட் அப்டேட்
சுடோ ஆப்ட் அப்கிரேட் --விதவுட்-நியூ-பிகேஜிஎஸ்
சுடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்

இரண்டாவது கட்டளை, புதுப் பொதி எதையும் சேர்க்காமலும் எதையும் நீக்காமலும் எவ்வளவு முடியுமோ அவ்வளவை மட்டும் உயர்த்தும். மூன்றாவதுதான் நீக்கவும் சேர்க்கவும் துணியும். 'ஒய்' தட்டும் முன் நீக்கப்படுபவை என்ற பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். பழைய லைப்ரரிப் பெயர்கள் போய் டி64 வருவது இயல்பு. உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரோ, நெட்வொர்க்-மேனேஜரோ அந்தப் பட்டியலில் இருந்தால் 'என்' தட்டி இங்கே ஒட்டுங்கள்.

இடையில் கான்ஃபிக் கோப்புக் கேள்வி வரும். நீங்கள் மாற்றிய கோப்பையே டெபியனும் மாற்றியிருந்தால் எதை வைப்பது என்று கேட்கும். 'டி' தட்டினால் வேறுபாட்டைக் காட்டும். வெறும் என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும், புதியது .டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு பக்கத்தில் இருக்கும். புதியதை ஏற்றால் உங்களுடையது .டிபிகேஜி-ஓல்டு ஆகும். எதைத் தேர்ந்தாலும் மற்றது அழியாது, அதனால் அங்கே பதறத் தேவையில்லை.

#10 எழுத்துணரி

முதல் இரண்டு படிகள் சரி. மூன்றாவது தொடங்கும்போது '/வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃபிரண்ட்எண்ட்' பூட்டு கிடைக்கவில்லை, வேறொரு செயல்முறை வைத்திருக்கிறது என்கிறது. தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் அந்தக் கோப்பை ஆர்எம் கொடுத்து அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்கலாமா?

#11 சி_நிரலர்

அழிக்கவே கூடாது. அந்தக் கோப்பு இருப்பது பூட்டு அல்ல. அது எப்போதும் அங்கேயே இருக்கும். ஓடும் நிரல் அந்தக் கோப்பின்மேல் கெர்னலிடம் கேட்டு வாங்கும் உரிமைதான் பூட்டு. நிரல் முடிந்தாலோ செத்தாலோ கெர்னலே அதை விடுவித்துவிடும். அதனால் 'பழைய பூட்டு மிஞ்சிக் கிடக்கிறது' என்ற நிலையே வராது. நீங்கள் கோப்பை அழித்தால், முதல் நிரல் அழிந்த கோப்பின்மேல் பூட்டை வைத்திருக்கும். உங்கள் ஆப்ட் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கி அதன்மேல் பூட்டு வாங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்டேட்டஸ் கோப்பில் எழுதும்.

யார் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்:

சுடோ ஃபியூசர் -வி /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃபிரண்ட்எண்ட்

பிழைச் செய்தியிலேயே செயல்முறை எண்ணும் இருக்கும். பெரும்பாலும் அது, தானாகவே பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ். முடியும்வரை விடுங்கள். வேலை முடியும்வரை அது திரும்ப எழாமலிருக்க ஆப்ட்-டெய்லி.டைமர், ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர் இரண்டையும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுத்து நிறுத்தலாம். ரீபூட் ஆனதும் தாமாகத் திரும்ப வரும்.

#12 ஆய்வகம்

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள், எல்லாம் புக்வோர்ம், ஒரே பிராட்பேண்ட் இணைப்பு. 13-க்கு மாற்ற ஒவ்வொன்றும் தனித்தனியாக இறக்கினால் இணைப்பு தாங்காது. மின்வெட்டும் உண்டு, எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் கிடையாது.

#13 வேர்_பயனர்

ஒரு கணினியில், ஒருமுறை இறக்கிய பொதியைச் சேமித்து மற்றவற்றுக்கும் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். 3142 என்ற போர்ட்டில் கேட்கும். மற்ற 39-இலும் /எட்சி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் ஒரே ஒரு வரிக் கோப்பு: அக்வையர்::எச்டிடிபி::பிராக்ஸி என்பதற்கு எதிரே, அந்தக் கணினியின் முகவரியும் 3142-உம் மேற்கோள் குறிக்குள், கடைசியில் அரைப்புள்ளி. அரைப்புள்ளி விட்டுப்போனால் ஆப்ட் தொடக்கத்திலேயே தொடரமைப்புப் பிழை சொல்லி நிற்கும். ஒரு கணினிக்கு 1.5 ஜிபி இறங்குகிறது என்று வைத்தால் 60 ஜிபி ஆக வேண்டியது 1.5 ஜிபியில் முடியும், மிச்சம் உள்வலையில் ஓடும்.

மூலங்களின் முகவரி எச்டிடிபி ஆக இருக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் என்றிருந்தால் இடையில் எதையும் சேமித்துவைக்க முடியாது. எச்டிடிபியில் இறக்கினால் பாதுகாப்பு போய்விடாதா என்று யாராவது கேட்பார்கள். களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு டெபியனின் சாவியால் கையொப்பமிடப்பட்டது. அதற்குள் பொதிப் பட்டியல்களின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண்), பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் கோப்பின் ஹேஷ். நடுவில் யார் ஒரு பைட்டை மாற்றினாலும் ஆப்ட் ஏற்காது. 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' வந்தால் பெரும்பாலும் கேஷில் பாதி இறங்கிய கோப்பு இருக்கிறது, அல்லது மிரர் (களஞ்சியத்தின் நகல் சேவையகம்) புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் நுழைந்திருக்கிறீர்கள். அந்தக் கணினியில் /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் அடைவைக் காலி செய்து திரும்ப அப்டேட் கொடுங்கள்.

40-ஐயும் ஸ்கிரிப்டில் ஓட்டுவதென்றால் ஆப்ட் வேண்டாம், ஆப்ட்-கெட் எழுதுங்கள். ஆப்ட் மனிதர் பார்ப்பதற்காக 2014-இல் வந்தது, அதன் வெளியீட்டு வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் என்று அதுவே எச்சரிக்கும். கேள்வி கேட்காமல் ஓட:

சுடோ டெபியன்_ஃபிரண்ட்எண்ட்=நான்இன்டராக்டிவ் ஆப்ட்-கெட் -ஒய் -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=--ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப் -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=--ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு டிஸ்ட்-அப்கிரேட்

அந்த மாறி சுடோவுக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் எழுதினால் சுடோ சூழல் மாறிகளைக் கழற்றிவிடும். நீலத்திரைக் கேள்வி வந்து, பதில் சொல்ல ஆளில்லாமல் இரவெல்லாம் நிற்கும்.

#14 கருந்திரை

மின்வெட்டுக்கு: இறக்குவதையும் நிறுவுவதையும் பிரித்துவிடுங்கள். '--டவுன்லோட்-ஒன்லி' போட்டு எல்லாக் கணினியிலும் முதலில் இறக்கி வையுங்கள். இறக்கும்போது மின்சாரம் போனால் இழப்பு இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவும் கட்டத்தை மட்டும் மின்சாரம் உறுதியாக இருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள்.

அப்படியும் நடுவில் போனால், எழுந்ததும் முதலில் 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. இந்த வரிசையிலேயே. 'டிபிகேஜி -எல்' பட்டியலில் முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். ஐஐ என்றால் நல்ல நிலை. ஐயூ என்றால் பொதி விரிந்துவிட்டது, அமைவு நடக்கவில்லை. ஐஎஃப் என்றால் அமைவு தொடங்கித் தோற்றது. மூன்றாவது இடத்தில் ஆர் வந்தால் அந்தப் பொதியைத் திரும்ப நிறுவியாக வேண்டும்: 'ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' போட்டுப் பெயர்.

அரிதாக ஸ்டேட்டஸ் கோப்பே சிதைந்துவிடும். அதே அடைவில் ஸ்டேட்டஸ்-ஓல்டு இருக்கிறது. அதுவும் கெட்டிருந்தால் /வார்/பேக்கப்ஸ் அடைவில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்று தினசரி நகல் இருக்கும். எடுத்து வைத்துவிட்டு, அந்த நகலுக்குப் பிறகு நடந்தவற்றை /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் பார்த்துத் திரும்ப நிறுவுங்கள்.

#15 எழுத்துணரி

ஃபுல்-அப்கிரேட் முடிந்து ரீபூட்டும் ஆயிற்று. லிப்சி6-க்கு நேரே டிரிக்ஸி/மெயின் 500 வருகிறது. லோக்கல் பட்டியல் காலி. பில்ட்-எசென்ஷியல் ஏறிவிட்டது, கருவியும் கம்பைல் ஆனது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு கேள்விகள் மிச்சம். ஆட்டோரிமூவ் ஒத்திகையில், டெசராக்டின் தமிழ்த் தரவான டெசராக்ட்-ஓசிஆர்-டாம் நீக்கப்படும் என்று வருகிறது, ஏன்? அடுத்தது, இனி புதிய டெசராக்ட் வேண்டுமென்றால் எந்த வழியில் போவது?

#16 கருந்திரை

அந்தப் பொதி வேறொன்றின் சார்பாக வந்தது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வேறொன்று அப்கிரேடில் போயிருக்கும், அதனால் இப்போது அநாதை. நீங்கள் கேட்டு வாங்கியது என்று குறித்துவிட்டால் போதும்:

சுடோ ஆப்ட்-மார்க் மேனுவல் டெசராக்ட்-ஓசிஆர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம்

பட்டியலில் மற்றவற்றையும் பார்த்துவிட்டு ஆட்டோரிமூவ் கொடுங்கள். பிறகு 'டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்' கொடுத்தால் டாம் வர வேண்டும்.

அடுத்த கேள்வி. முதலில் டிரிக்ஸி-பேக்போர்ட்ஸில் இருக்கிறதா பாருங்கள். அந்த மூலத்துக்கு முன்னுரிமை 100 மட்டுமே, ஆகவே தானாக எதையும் இழுக்காது. '-டி டிரிக்ஸி-பேக்போர்ட்ஸ்' போட்டுக் கேட்டால்தான் வரும். அங்கே இருப்பவை இந்த வெளியீட்டின் லிப்சி6-க்காகவே கம்பைல் ஆனவை. அங்கேயும் இல்லையென்றால் மூலக்குறியை எடுத்து இதே கணினியில் பில்ட் செய்யுங்கள். 'ஆப்ட் பில்ட்-டெப் டெசராக்ட்' தேவையான எல்லா டெவ் பொதிகளையும் கொண்டுவரும், ஆனால் அதற்கு மூலங்களில் டெப்-எஸ்ஆர்சி வரி இருக்க வேண்டும். அடுத்த வெளியீட்டின் வரியை மட்டும் திரும்பச் சேர்க்காதீர்கள்.

#17 சி_நிரலர்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தமிழ் எழுத்துணர்தல் தரம் உயர வேண்டும் என்பதற்காகத்தான் முன்பு பதிப்பை உயர்த்தினார்கள் என்றால், அது பலன் தரும் இடம் வேறு. டெசராக்ட்-ஓசிஆர்-டாம் பொதியில் நிரல் எதுவும் இல்லை, டாம்.டிரெயின்டுடேட்டா என்ற தரவுக் கோப்புதான். டெபியன் தருவது விரைவு வகைத் தரவு. டெசராக்ட் திட்டமே 'டெஸ்டேட்டா_பெஸ்ட்' என்ற பெயரில் மெதுவான, துல்லியம் கூடிய வகையையும் வெளியிடுகிறது. அந்த ஒரே கோப்பை உங்கள் ஹோம் அடைவில் தனி இடத்தில் வைத்து, '--டெஸ்டேட்டா-டிர்' என்று அந்த அடைவைக் காட்டி ஓட்டுங்கள். /யூஎஸ்ஆர்/ஷேர் அடைவில் இருக்கும் பொதியின் கோப்பின்மேல் எழுத வேண்டாம், அடுத்த அப்கிரேடில் போய்விடும். லைப்ரரி எதுவும் மாறாது, ஆப்ட்டுக்கே இதில் வேலை இல்லை. ஒரே பக்கத்தை இரண்டு தரவிலும் ஓட்டி, ஒற்றெழுத்துகளையும் ற, ர பிழைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.